வயலுக்கு ஒரு பேச்சு, காகிதத்துக்கு ஒரு பேச்சு: குமரி மாவட்டத்தில் புதிதாக விவசாயம் தொடங்குகிறவருக்கு

வெளியூர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி, பாட்டாவின் நிலத்தில் ஏதாவது செய்து பார்க்கலாம் என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களிடம் உழைக்க மனசு இருக்கிறது, கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது. இடறுவது சொல்லில்தான். வேளாண்மை அலுவலகத்தில் 'மேலுரம்' என்கிறார்கள். உரக்கடையில் 'செகண்ட் டோஸ்' என்கிறார்கள். வரப்பில் நிற்கும் பெரியவர் 'ரெண்டாம் வளம்' என்கிறார். மூன்றும் ஒன்றே என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தெரியாதவர் ஒன்றைத் தவற விடுகிறார், இல்லையென்றால் இரண்டு தடவை போட்டுவிடுகிறார்.

நம் மாவட்டத்தில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரில், கடைசி சில வருடம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். வயலும் விளையும் (மேட்டுத் தோட்டமும்) அந்தக் காலத்துச் சொற்களையே இன்றும் பேசுகின்றன. அரசு காகிதமும் உர மூட்டையும் வேறு சொற்களைப் பேசுகின்றன. விவசாயம் செய்ய இரண்டும் வேண்டும். ஒரு புது ஆள் எந்த வரிசையில் இந்தச் சொற்களை எதிர்கொள்வாரோ, அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் நிலத்தின் காகிதம்

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். பட்டா என்பது நிலம் யார் பேரில் இருக்கிறது என்று வருவாய்த் துறை தரும் ஆவணம். சிட்டா என்பது ஒருவர் பேரில் அந்தக் கிராமத்தில் எவ்வளவு நிலம் இருக்கிறது, அது நன்செயா புன்செயா என்று காட்டும் கணக்கு. இப்போது இணையத்தில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. புல வரைபடம் நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் படம். நன்செய் என்றால் பாசன நெல்வயல், புன்செய் என்றால் மற்றது. ஒரே சர்வே எண் பல பேருக்குப் பிரிந்திருந்தால் அது உட்பிரிவு. 112/3 என்று இருந்தால் 112ஆம் சர்வே எண்ணின் மூன்றாம் துண்டு.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். நாம் பேசுவது சென்ட். '0 - 40.50' என்று பார்த்ததும் நாற்பது சென்ட் என்று நினைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 40.50 ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், சென்ட் கணக்கில் 2.47. பெருக்கிப் பாருங்கள், 100 சென்ட் வரும். அதாவது முழுசாக ஒரு ஏக்கர். விதையும் உரமும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன, இங்கே தப்பினால் எல்லாம் தப்பும்.

இனி அடங்கல். இந்தச் சொல்லில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன். எந்தச் சர்வே எண்ணில் இந்த வருடம் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அது. அங்கே வருடம் என்றால் பசலி. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். அந்த ஜூலை வரும் ஆங்கில ஆண்டில் 590ஐக் கழித்தால் பசலி வரும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, பாட்டத்துக்கு எடுத்த ஒரு விளையில் எனக்கு 300 ஏத்தன் வாழை நின்றது. பாதிக்கு மேல் குலை தள்ளியிருந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. தண்டு இடுப்பளவில் முறிந்து, குலை மண்ணில் குத்திக் கிடந்தது. நிவாரணம் கேட்டுப் போனபோது அடங்கலில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே முந்தின வருடத்துப் பயிரான மரச்சீனிதான் (மரவள்ளி) இருந்தது. பேரும் நில உடைமையாளர் பேர். வாழை வைத்தவுடனே போய்ச் சொல்லி அடங்கலில் ஏற்றியிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆகவே நட்ட மாதமே கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். பயிரை அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றியபின் நகல் வாங்கி வையுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் சொசைட்டிக் கடனுக்கும் அதே தாள்தான் வேண்டும்.

பாட்டம் என்று சொன்னேன், அது குத்தகை. குறிப்பிட்ட காலத்துக்கு நிலத்தை எடுத்துப் பணமாகவோ விளைச்சலாகவோ கொடுப்பது. ஒற்றி என்பது வேறு. உடைமையாளருக்கு மொத்தமாகப் பணம் கொடுத்து, அவர் திருப்பித் தரும்வரை நிலத்தை அனுபவிப்பது. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. எதுவானாலும் வாய்ப்பேச்சோடு விடாமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த நிலம், எந்தத் தண்ணீர்

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் தொடர்ச்சியான நெல்வயல் பரப்பை ஏலா என்பார்கள். கிழக்கே நாஞ்சில் நாட்டில் அதற்கே பத்து என்று பேர். மேடான தோட்ட நிலம் விளை. நம் ஊர்ப் பெயர்களில் பாதி இந்த 'விளை'யில்தான் முடிகிறது. ஒருப்பூ நிலம், இருப்பூ நிலம் என்று கேட்டால் மலரைத் தேட வேண்டாம். பூ என்றால் போகம். வருடத்துக்கு ஒரு முறை நெல் விளைந்தால் ஒருப்பூ, இரண்டு முறை என்றால் இருப்பூ.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் மேற்கே ஒரு பெரியவர், "வயல்ல வெள்ளம் வந்துட்டு" என்றார். நண்பர் பதறி எழுந்துவிட்டார். அங்கே வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். சானலில் தண்ணீர் வந்துவிட்டது என்ற நல்ல செய்தியைத்தான் பெரியவர் சொன்னார்.

சானல் என்பது அணையிலிருந்து வரும் பாசனக் கால்வாய். தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று பேரோடு சேர்ந்தே வரும். சானலிலிருந்து வயலுக்கோ குளத்துக்கோ தண்ணீர் திறக்கும் வாய் மடை. குளம் நிறைந்து மிச்சம் வழிந்தால் மறுகால் பாய்கிறது என்பார்கள். கடைவரம்பு என்பது சானலின் கடைசியில் இருக்கும் வயல்கள். நிலம் வாங்கும்போதோ பாட்டத்துக்கு எடுக்கும்போதோ 'இது கடைவரம்பா?' என்று கேளுங்கள். அங்கே தண்ணீர் கடைசியாக வரும், குறையும்போது முதலில் நிற்கும். விலை குறைவு என்று எடுத்துவிட்டு, கதிர் வரும் நேரத்தில் மோட்டாருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பேப்பரில் தினமும் அணை நீர்மட்டம் வரும். பேச்சிப்பாறைக்கு முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால்தான் '40 அடி' என்ற செய்திக்குப் பொருள் வரும். பேச்சிப்பாறையில் 40 அடி என்றால் தைரியமாக நடலாம், பெருஞ்சாணியில் 40 அடி என்றால் யோசிக்க வேண்டும். 'விநாடிக்கு 500 கன அடி' என்றால் ஒரு விநாடியில் அவ்வளவு தண்ணீர் போகிறது. ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. மழையை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியும் கும்பமும்

நமக்கு இரண்டு மழை. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. அதை ஒட்டியே இரண்டு பூ, கன்னிப்பூவும் கும்பப்பூவும். புதியவர்கள் தவறாமல் குழம்பும் இடம் இது. கன்னிப்பூ என்றால் கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில் விதைப்பது என்று நினைக்கிறார்கள். இல்லை, பேர் அறுப்பு மாதத்தைக் குறித்து வந்தது. கன்னியில் அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதமான மாசியில் அறுப்பது கும்பப்பூ. கன்னிப்பூவுக்கு வைகாசி, ஆனி வாக்கில் வேலை தொடங்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து வரும் கோதையாறு பாசனத்தில் ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை தண்ணீர் திறப்பது வழக்கம். கன்னிப்பூ அறுத்த கையோடு கும்பப்பூவுக்கு உழ வேண்டும். அங்கே பத்து நாள் பிந்தினால் கடைசியில் சானல் மூடும்போது உங்கள் நெல் இன்னும் பால் பிடித்துக்கொண்டிருக்கும்.

மேற்குப் பக்கத்துப் பெரியவர்கள் ஞாற்றுவேலைக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். சூரியன் ஒரு நட்சத்திரத்தில் நிற்கும் பதின்மூன்று, பதினான்கு நாள் ஒரு ஞாற்றுவேலை. வருடத்துக்கு 27. அதில் திருவாதிரை ஞாற்றுவேலை ஜூன் மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை. நல்லமிளகுக் கொடி நட அதுதான் காலம் என்பார்கள். விட்டு விட்டுப் பெய்யும் அந்த மழையில் கொடி வாடாமல் வேர் பிடிக்கிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

வயல் தயாரிப்பில் இரண்டு சொல் போதும். தண்ணீர் கட்டிச் சேறாக உழுவது தொளி. காய்ந்த மண்ணில் உழுது விதைப்பது பொடி விதைப்பு. தொளி அடித்தபின் மரம் அடித்து, அதாவது பலகையை இழுத்து மட்டப்படுத்துவார்கள். மட்டம் சரியில்லாமல் போனால் மேட்டில் களை வரும், பள்ளத்தில் நாற்று அழுகும்.

விதைப் பையில் என்ன இருக்கிறது

விதைப் பையில் தைத்திருக்கும் அட்டையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் வல்லுநர் விதை, வெள்ளை ஆதார விதை. இவை விதை பெருக்குகிறவர்களுக்கு. நமக்கு வேண்டியது நீல அட்டை, அது சான்று விதை. பச்சை அட்டை என்றால் உண்மைநிலை விதை. விற்பவர் தானே தரத்துக்குப் பொறுப்பு ஏற்று விற்பது. அட்டையில் 'காலாவதி நாள்' இருக்கும், பார்க்காமல் வாங்காதீர்கள். நெல்லுக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். வீட்டிலேயே 100 மணியை ஈரத்துணியில் சுற்றி வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

ரகத்தின் பேரிலேயே ஊர் இருக்கிறது. ஏஎஸ்டி என்றால் அம்பாசமுத்திரம், அதனால் ஏஎஸ்டி 16ஐ நாம் அம்பை 16 என்கிறோம். ஏடிடி என்றால் ஆடுதுறை. டிபிஎஸ் என்றால் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிற நம் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம். வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பது பெரிய வசதி. ஒரு முறையாவது நேரில் போய்க் கேளுங்கள்.

அப்புறம் 'வயது' என்ற சொல். அம்பை 16க்கு வயது சுமார் 110 நாள் என்றால் விதைத்த நாளிலிருந்து அறுப்பு வரை அத்தனை நாள், நட்ட நாளிலிருந்து அல்ல. நாற்றின் வயதுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: பயிரின் வயதில் மாதத்துக்கு ஒரு வாரம். மூன்றரை மாதப் பயிர் என்றால் மூன்றரை வாரத்துக்குள் பிடுங்கி நட்டுவிட வேண்டும்.

வாழையில் விதை என்பது கன்று. ஈட்டிக்கன்று, நீர்க்கன்று என்று இரண்டு. இலை குறுகி ஈட்டி மாதிரி நீண்டு, அடிக்கிழங்கு பருத்திருப்பது ஈட்டிக்கன்று. அதைத்தான் நட வேண்டும். சின்ன வயதிலேயே அகன்ற இலையோடு பார்க்க அழகாக இருப்பது நீர்க்கன்று. தாய்க்கிழங்கோடு அதன் ஒட்டு பலவீனம், குலையும் சிறுக்கும். அழகைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

மண்ணும் வளமும்

குமரியில் உரத்துக்கு வளம் என்று பேர். நடுவதற்கு முன்னால் போடுவது அடியுரம், பயிர் நிற்கும்போது போடுவது மேலுரம். பசுந்தாள் உரம் என்பது தக்கைப்பூண்டு, சணப்பு மாதிரி வயலிலேயே விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுவது. பசுந்தழை உரம் என்பது வேம்பு, புங்கு, கிளிரிசிடியா தழையை வெளியிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து மிதிப்பது. பேர் கிட்டத்தட்ட ஒன்று, வேலை வேறு.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்றும்தான் மூட்டையில் எண்களாக நிற்கின்றன. 17:17:17 என்றால் 100 கிலோவில் ஒவ்வொன்றும் 17 கிலோ. டிஏபி 18:46, அதாவது தழைச்சத்து 18, மணிச்சத்து 46. யூரியாவில் தழைச்சத்து மட்டும், 46. பொட்டாஷில் சாம்பல்சத்து மட்டும், 60.

பரிந்துரை எப்போதும் சத்துக் கணக்கில் வரும், கடையில் கிடைப்பது மூட்டைக் கணக்கில். இதை மாற்றத் தெரியாமல் ரொம்பப் பேர் தவிக்கிறார்கள். வழி இதுதான்: வேண்டிய சத்தை நூறால் பெருக்கி மூட்டையில் உள்ள எண்ணால் வகுங்கள். மேலுரமாக ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்து என்று சொன்னால், 20ஐ நூறால் பெருக்கி 46ஆல் வகுத்தால் 43.5 கிலோ யூரியா. யூரியா மூட்டை 45 கிலோ. ஆக ஏக்கருக்கு ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. '20 கிலோ' என்று கேட்டுவிட்டு 20 கிலோ யூரியாவே போட்டால் பயிருக்குக் கிடைப்பது ஒன்பது கிலோ சத்துதான்.

மேலுரத்தின் கடைசித் தவணை 'கதிர் உருவாகும் பருவத்தில்' என்று புத்தகத்தில் இருக்கும். கதிர் வெளியே வந்தபின் போடுவது என்று நினைத்துவிடாதீர்கள், அப்போது போட்டுப் பலன் இல்லை. வயலில் நல்ல தூர் ஒன்றைப் பிடுங்கி, நடுத்தண்டின் இலை உறைகளை ஒவ்வொன்றாக உரியுங்கள். தண்டை நீளவாக்கில் கீறினால் மேல் கணுவுக்கு மேலே வெள்ளையாக, நூல் நுனி பிரிந்தாற்போலப் பஞ்சு மாதிரி ஒன்று தெரியும். ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அதுதான் கதிர். அது தெரிந்தால் வளம் போடும் நேரம். எனக்கு இதைச் சொல்லித் தந்த பெரியவர், "மக்களே, வயிற்றுல பிள்ளை இருக்கும்போது சோறு போடணும், பெத்தபிறகு இல்ல" என்றார். அதற்குப் பிறகு வரும் வயிறு பருத்த நிலைக்குப் பொதி என்று பேர்.

இவ்வளவுக்கும் முன்னால் மண் ஆய்வு. மேலே கிடக்கும் சருகை நீக்கி, 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு சீவல் மண் எடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். தென்னைக்கும் ரப்பருக்கும் இன்னும் ஆழம் வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள். முடிவில் 'கார அமில நிலை' என்று ஓர் எண் வரும். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம். மேற்குப் பக்கச் செம்மண் விளைகளில் அமிலம் அதிகம். அங்கே சுண்ணாம்பு இடச் சொன்னால் அது உரத்துக்கு இணையான வேலை, தள்ளிப்போட வேண்டாம்.

மருந்தும் நோயும்

பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி மூன்றையும் கடையில் 'மருந்து' என்றே சொல்வார்கள். எதற்கு எது என்று கேட்டு வாங்குங்கள். டப்பாவில் இருக்கும் நிறம் நச்சுத்தன்மையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கடுமை, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். 'காத்திருப்புக் காலம்' என்பது மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள். நம் பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடப் போகிறார்கள்.

இளம் பயிரில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் குருத்துக் காய்தல். கதிர் வந்தபின் முழுக் கதிரும் வெளுத்துப் பதராக நின்றால் வெண்கதிர். இரண்டும் தனி நோய்கள் இல்லை. இரண்டையும் செய்வது தண்டு துளைப்பான் புழு ஒன்றே.

பேர் மாறும் பயிர்கள்

விண்ணப்பத்தில் ஒரு பேரும் சந்தையில் ஒரு பேருமாக இருப்பவை: நேந்திரன் நமக்கு ஏத்தன், செவ்வாழை நமக்குச் செந்துளுவன், மரவள்ளி மரச்சீனி, மிளகு நல்லமிளகு, பலா சக்கை, முந்திரி கொல்லா, பதநீர் அக்கானி. மட்டி வாழைக்கு மட்டும் வேறு பேர் இல்லை. குழந்தைகளுக்கு முதல் உணவாகப் பிசைந்து கொடுக்கும் அந்தச் சின்னப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் குணம் அது விளையும் இடத்தால் வருகிறது என்று சட்டப்படி பதிவு செய்வதே புவிசார் குறியீடு. கன்னியாகுமரி கிராம்புக்கும் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் அது உண்டு.

தென்னையில் நெட்டை, குட்டை, இரண்டையும் சேர்த்த ஒட்டு என்று மூன்று. நாற்று தென்னம்பிள்ளை. இளநீர்ப் பருவத்துக் காய் கருக்கு, நார் உள்ள மேல்மட்டை கதம்பல், ஓடு சிரட்டை. '25 அடி இடைவெளி' என்றால் வரிசைக்கு வரிசையும் மரத்துக்கு மரமும் 25 அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, அதை 625ஆல் வகுத்தால் சுமார் 70 மரம். இதற்கு மேல் நெருக்கி வைத்தால் வெயிலுக்குப் போட்டி போட்டு வளைந்துதான் வளரும்.

ரப்பரில் பால்வெட்டு என்பது பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. ஒட்டுத்தையில் (ஒட்டுக் கட்டி வளர்த்த கன்றில்) 125 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தபின்தான் வெட்டத் தொடங்க வேண்டும். வழக்கமாக ஏழு வருடம் ஆகும். பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் பரத்திப் புகையில் காயவைத்தால் ஷீட். வெட்டின இடத்திலும் சிரட்டையிலும் தானாக உறைந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். அதற்கு விலை குறைவு, ஆனாலும் வீசிவிடக் கூடாது, தனியே சேர்த்து விற்பார்கள். 'டிஆர்சி' என்று கடையில் சொல்வது பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம். பாலாக விற்கும்போது காசு இந்த எண்ணுக்குத்தான், லிட்டருக்கு அல்ல. மழை நாளில் தண்ணீர் கலந்த பாலுக்குக் குறைவாகத் தருகிறார்கள் என்று கோபப்படுவதற்கு முன் இந்த எண்ணைக் கேளுங்கள்.

விற்கப் போகும்போது

நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால் முதலில் 'ஈரப்பதம்' பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பதர் என்பது மணி இல்லாத உமி. தூற்றும்போது காற்றில் போய்விட வேண்டும், மூட்டைக்குள் வரக் கூடாது. களத்தில் காயப்போடும்போது நெல்லைக் கனமாகக் குவிக்காமல் விரல் ஆழத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தடவை காலால் கிளறி விடுங்கள். கருவி இல்லாதபோது ஐந்தாறு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்போம். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். 'டக்'கென்று உடைந்தால் சாக்கை எடுக்கலாம்.